கைபடாத இன்ஜின்

உங்கள் அறை ஏசி போடுகிற சத்தத்துக்கு மெஷின் காரணமில்லை சார். அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்பேனர் கொடுத்தால் பேசிக்கொண்டே முடுக்கிவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது. வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கார்களுக்கு ஏசி மாட்டுகிறவன். புதுக் கார் என்றால் அது வேலை, பழைய கார் என்றால் அது உறவு. எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்று அதனிடமே கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். என் பட்டறையில் எல்லாரும் என்னை ஜில்லு என்பார்கள். வைத்தது அக்கா. அம்மா போன பிறகு என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான், அதனால் பெயர் வைக்கிற உரிமையும் அவளுக்கே இருந்தது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. கறுப்பு, நீண்ட மூக்கு, வட்டக் கண்கள். அக்கா அதைச் சக்களத்தி என்பாள். "என் சக்களத்திக்கு நாலு சக்கரம்டா, என்னால எப்பிடி ஓடிப் புடிக்க முடியும்?" என்று சிரிப்பாள். அவர் அதைத் துடைக்கிற துணி அவள் கட்டியிருக்கிற புடவையைவிடப் புதிது என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பழைய கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நிஜமாகவே உண்டு சார், தலைவர், செயலாளர் எல்லாம் இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவருவார்கள். இன்ஜினில் யாரும் கை வைக்காத வண்டிக்குத்தான் பெரிய கோப்பை. ஏசி மாற்றலாம், அது சொகுசுக் கணக்கில் போய்விடும். மாமா வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஒரு ஸ்க்ரூ கூடக் கை படல. பொறந்த மேனிக்கு அப்பிடியே இருக்கு" என்பார். பெண்கள் நிற்கிற இடத்திலும் அப்படித்தான் சொல்வார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கோப்பை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

அக்காவுக்குச் சூடு ஆகாது. போன கோடையில் அந்தக் காரிலேயே மயங்கிவிட்டாள். அதில் ஏற்கெனவே ஒரு ஏசி இருந்தது, யாரோ எப்போதோ மாட்டியது. அடியில் தொங்குகிற பெட்டி, இரைச்சல் லாரிக்குச் சமம், காற்று மட்டும் வயதானவர் பாலை ஊதி ஆற்றுகிற மாதிரி வரும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு மாமா வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். அக்காவும் வந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

பானெட்டைத் திறந்தேன்.

ஒருவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் சாப்பிட்டவர் யார் என்று அக்கா சொல்லிவிடுவாள். எனக்கு இன்ஜின் அப்படி. கார்புரேட்டர் அந்த வண்டி இனத்திலேயே சேராதது, வாய் பெரியது. ஸ்டார்ட் செய்து சும்மா நிற்க விட்டால் ஒரு நொண்டல். கேம் ஷாஃப்ட்டை மாற்றி வேகம் கூட்டிய வண்டிதான் நிற்கும்போது அப்படி நொண்டும். புகை போகிற வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு, வளைத்து வெல்டிங் செய்த தனித்தனிக் குழாய்களைப் போட்டிருந்தார்கள். புதுசு என்று தெரியக் கூடாதென்று அதன்மேல் துரு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். துருவுக்கே டூப்ளிகேட்டை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தக் குழாய்களில் ஒன்றின் வெல்டிங்கில் மயிரிழை அளவுக்கு விரிசல். புறங்கையை அருகே கொண்டுபோனால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி சுட்டது.

"மாமா, இந்த இன்ஜின்ல யாராச்சும் கை வெச்சாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு வெப்பா? பொறந்த மேனிக்கு…"

"புகைக்குழாய்கூட மாத்தலையா?"

"மாப்ளே," என்றார், அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு. "நீ ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு அண்ணன். இன்ஜின் பாக்கறதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க. நீ பைப்ப மட்டும் பாரு."

அக்கா சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள்.

வீட்டுக்குள் ஒரு ஆளை வைத்துக்கொண்டு வெளியே எவனிடமோ கொடுத்து இன்ஜினை மாற்றியிருக்கிறார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை சார். என் முகத்தைப் பார்த்து, என் பட்டறையில் நின்று, நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை இல்லை என்கிறாரே, அதுதான். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். மெக்கானிக்கை அந்தப் பட்டியலில் சேர்க்க ஏனோ விட்டுவிட்டார்கள்.

வாடிக்கையாளர் சொன்னதை நம்ப வேண்டியது என் கடமை. எனவே நம்பினேன். கைபடாத இன்ஜினுக்கு எப்படி ஏசி மாட்டுவேனோ அப்படி மாட்டினேன்.

பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டேன். புதுசாகச் சின்னக் கம்ப்ரஸர், மெல்லிய ஹோஸ், டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாமல் கூலிங் காயில். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவுகளைச் சுற்றிப் புது ரப்பர் பட்டை, தரையில் கனமான கார்ப்பெட். மாமா கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு கொசு போகாது" என்று பெருமைப்பட்டார். கொசு போகாதுதான்.

இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கும். ஹோஸ்களைக் கொண்டுபோக அதில் துளைகள் போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டேன், ஒன்றைத் தவிர. அது அந்த விரிசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதற்கான வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் வேலை முடிகிற வரை அதைப் பைக்குள் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு கார்ப்பெட்டை மேலே விரித்தேன்.

புகைக்குழாயில் வருகிற விஷவாயுவுக்கு நிறம் கிடையாது, தனியாக மணமும் கிடையாது. உள்ளே போனால் முதலில் தலை கனக்கும். அப்புறம் தூக்கம் வரும். அதற்கு அப்புறம் வருவதற்கு ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், கொஞ்சம் தலைவலி வரட்டும் என்று மட்டுமே நினைத்தேன். தலைவலி வந்தால் வண்டியைக் கொண்டுவருவார், நான் காரணம் கேட்பேன், அவர் ஒத்துக்கொள்வார், நான் வளையத்தைப் போட்டுவிடுவேன். யோசித்துப் பாருங்கள், இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்படியேதான் நடந்தது. சில நாள் கழித்து மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல் தனியாகத்தான் ஓட்டியிருந்தார்.

"என்னடா மாப்ளே, உன் ஏசி போட்டா தலைய வலிக்குது. கேஸ் கீஸ் லீக்கா? வேலை சரியாத் தெரியலன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

"ஏசி நல்லா இருக்கு மாமா. இன்ஜின் பக்கம் ஏதாச்சும் மாத்தியிருந்தா சொல்லுங்க, பாத்துடலாம்."

"திருப்பித் திருப்பி அதையே கேக்கறியே! கை படலன்னு சொல்றேன்ல?"

"அப்ப குளிர் ஒத்துக்கல. தொப்பி போட்டுக்கிட்டு ஓட்டுங்க" என்றேன்.

நல்ல தொப்பியாகப் பார்த்து ஒன்றை நானே எடுத்துக்கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.

அந்த ஆண்டுக் கண்காட்சி வேறு ஊரில். அரை நாள் ஓட்டம். ஏசி வந்துவிட்டதே என்று மாமா அக்காவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். பின் இருக்கையில் தலையணை வைத்துப் படுக்க வசதி செய்துகொடுத்தாராம். வழியில் தலை வலிக்கிறது என்று தன் பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவைத்து, அதில் மூக்கை நீட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அப்படியும் கண் சொருகி, வண்டி சாலையைவிட்டு இறங்கி ஒரு மதகில் மோதி நின்றது. மாமாவுக்குக் கால் உடைந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து ஓடிவந்தவர்கள் கன்னத்தைத் தட்டி எழுப்பப் பார்த்தார்களாம். முகம்கூட நல்ல சிவப்பாகத்தான் இருந்தது என்றார்கள். அந்த விஷத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், உங்கள் கான்ஸ்டபிள் எல்லாரும் இருந்தார்கள். "நான்தான்டா இன்ஜின மாத்தினேன். கோப்பைக்காக உன்கிட்டகூடப் பொய் சொன்னேன். அவள நான்தான் கொன்னுட்டேன்" என்றார். இவ்வளவு நாளாக நான் கேட்கக் காத்திருந்தது அதில் முதல் பாதிதான். முழுசாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. அவரைத் தேற்றினேன். தேற்றுவது எனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அத்துடன் விட்டிருப்பேன் சார். அவர் ஒத்துக்கொண்டார், நீங்களும் அவர்மேல் வழக்குப் போட்டுவிட்டீர்கள், எனக்கு யாரிடமும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நேற்று உங்கள் வண்டி ஆய்வாளர் பட்டறைக்கு வந்தார். கார்ப்பெட்டை விலக்கித் துளையைப் பார்த்தாராம். என் தோளைத் தட்டி, "ஒரு ஓட்டைய அடைக்காம விட்டுட்டப்பா. கவனக்குறைவுதான். உன்மேல தப்பு சொல்ல முடியாது, இன்ஜின மாத்தினது உனக்கு எப்பிடித் தெரியும்? அனுபவம் பத்தாது. என் கண்ணுக்கே பெயின்ட கீறிப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சது" என்றார். மாமாவும், "சின்னப் பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, விட்டுடுங்க" என்று கெஞ்சினாராம்.

நான் பெயின்டைக் கீறவில்லை. காதால் கேட்டே கண்டுபிடித்தேன். பானெட்டைத் திறந்த முதல் நாளே எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அக்கா அந்தக் காரில் போனது தெரியுமா என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று நினைத்தேன். அவளே போன் செய்தாள் சார். பாதி வழியில்.

"டேய் ஜில்லு, என்னமா இருக்கு தெரியுமா! மழ பேஞ்ச மாதிரி. என் சக்களத்திக்கு இப்பதான்டா நல்ல புத்தி வந்திருக்கு."

முன்னாலிருந்து மாமாவின் குரலும் கேட்டது. "மாப்ளே, தலவலிய விடு, வேலைன்னா இதான்! சங்கத்துல எல்லாருக்கும் உன்னத்தான் சொல்லப்போறேன்." என் வேலையை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"தல லேசா பாரமா இருக்குடா," என்றாள் அக்கா. "தூக்கம் தூக்கமா வருது. குளுமைக்கு அப்பிடித்தான் இருக்குமோ?"

கண்ணாடியை இறக்கு என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் இறக்கணும் என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று ஆகிவிடும். அதுவும் பாராட்டிய அதே நிமிஷத்தில்.

"ஆமாக்கா, அப்பிடித்தான் இருக்கும். நல்லாத் தூங்கு" என்றேன்.

எனவே அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் சார். வேறு எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா இருந்திருந்தால் அவளே இங்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள், என் தம்பி எதையும் தெரியாமல் செய்கிறவன் இல்லை என்று.