ஒரே ரசிகர்

வருடக் கடைசியில் அந்தப் பாட்டுச் செயலி எல்லோருக்கும் ஒரு கணக்கு அனுப்பும். உங்களுக்கும் வந்திருக்கும். இந்த வருடம் எந்தப் பாட்டை அதிகம் கேட்டீர்கள், உங்கள் அபிமானப் பாடகர் யார் என்றெல்லாம் கலர் கலராக வரும். பெற்ற பிள்ளைகூட நம்மை இவ்வளவு கவனிப்பதில்லை. எனக்கு அதைப் பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை. அந்த ஆசைதான் என்னை இங்கே, உங்கள் எதிரில் உட்கார வைத்திருக்கிறது.

என் அண்ணன் வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய காது, அளவில் அல்ல, பெயரில். அடுத்த தெருவில் யாராவது சுருதி விலகினால் இவருக்கு இங்கே பல் கூசும். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எனக்கு நன்றாகப் பாட வரும் என்பது என் அபிப்பிராயம். தன்னுடைய அபிப்பிராயத்தை அண்ணன் கேட்காமலேயே சொல்லிவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, மழையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி அந்தச் செயலியில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. அது ஒரு வசதி. அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் விருந்து நடந்தது. எல்லோரும் கூடியிருக்கிறார்களே என்று போட்டுக் காட்டினேன். முதல் சரணம் முடிவதற்குள் அண்ணன் எழுந்து வந்து பாட்டை நிறுத்தினார்.

"ஏன்டா, இது மழையைப் பத்தின பாட்டா, இல்ல மழையில நனைஞ்ச பூனையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மனசில் வைத்துக்கொண்டான் என்பார்கள். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அப்புறம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. அண்ணி அதற்கு முன்பே தவறிவிட்டார். மகளுக்கு வேலை வெளிநாட்டில். "நீங்கதான் சித்தப்பா பார்த்துக்கணும்" என்று அழுதாள். நான் தனிக்கட்டை. கடை வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்றார்கள்.

அண்ணன் மகள் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். தலையில் தட்டினால் பாடும், மறுபடி தட்டினால் நிற்கும். தன் மின்னஞ்சலைக் கொடுத்து அப்பா பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். என் போனிலிருந்தும் பாட்டுப் போட வழி செய்து கொடுத்தாள்.

"அப்பாவுக்கு இதுதான் உயிர். வயலின், புல்லாங்குழல்னு ஏதாவது போட்டு விடுங்க சித்தப்பா."

போட்டேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரலால் தாளம் போடுவார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் கை தவறி என் பாட்டை அமுக்கிவிட்டேன். கை தவறித்தான். விரல் நின்றது. கண் திறந்தது. நிறுத்து என்று கையை ஆட்டினார். அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து காலைக் காப்பி தொடங்கி விளக்கணைக்கும்வரை அந்த ஒரே பாட்டுத்தான். அண்ணன் எட்டித் தட்டி நிறுத்தப் பழகினார். நோயாளி இப்படி எட்டினால் விழுந்துவிடுவாரே என்ற கவலையில் ஸ்பீக்கரை ஜன்னலோர மேஜைக்கு மாற்றினேன்.

அவருக்கு உடம்பு துடைத்துவிட ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார்.

"வேற பாட்டே இல்லைங்களா? அவரு கண்ணுல தண்ணி வருது பாருங்க."

"உருகிப் போறாரும்மா."

"உருகற மாதிரி தெரியலைங்க. எனக்கே கிறுக்குப் புடிச்சிரும் போல இருக்கு."

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரசனை இல்லாதவர்களை நோயாளியின் பக்கத்தில் விடக்கூடாது.

வருடக் கடைசியில் இரண்டு கணக்கு வந்தது. பாடகர் என்ற முறையில் எனக்கு ஒன்று: இந்த உலகத்தில் உங்கள் பாட்டைக் கேட்டவர் ஒருவர். அண்ணனுக்கு ஒன்று: நீங்கள்தான் இந்தப் பாடகரின் முதல் ரசிகர், வாழ்த்துகள். வயலினெல்லாம் எங்கேயோ அடியில் கிடந்தது. காதுக்குப் பேர் போன மனுஷர் கடைசியில் என் ரசிகரானதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா? குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பூவும் கைதட்டலுமாக வந்து விழுந்தன. அண்ணன் மகள் மட்டும் போன் செய்தாள்.

"அப்பா வேற எதுவுமே கேக்கறதில்லையா சித்தப்பா?"

"இது ஒண்ணுதான் வேணுங்கறார்மா."

"எப்படிச் சொன்னார்? அவரால பேச முடியாதே."

"கண்ணாலயே சொல்லுவாரு."

"நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றாள்.

அவள் வந்தது சாவுக்குத்தான்.

நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது அண்ணன் விழுந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவள் அந்தச் செயலிக்காரர்களுக்கு எழுதி, அப்பாவின் கணக்கில் நடந்த அத்தனையையும் வாங்கிவிட்டாள். எந்தப் பாட்டு எப்போது ஓடியது, எந்தக் கருவியில் நிறுத்தினார்கள், எந்தப் போனிலிருந்து மறுபடி போட்டார்கள் என்று அவர்கள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் கையில் இருப்பது. அதனால் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் நான் சமையலறையில் இருந்தேன். இரண்டாவது சரணத்தில் பாட்டு டக்கென்று நின்றது. அடுத்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை எப்படித்தான் தவழ்ந்தாரோ, அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு மேஜையைப் பிடித்து எழுந்து தட்டியிருக்கிறார். பிடி நழுவி, மேஜை முனையில் தலை மோதி, கீழே கிடந்தார். ரத்தம் வந்துகொண்டிருந்தது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி சிரித்தது. விருந்தன்று சிரித்த அதே சிரிப்பு.

எனக்குக் கோபம் வரவில்லை. போனை எடுத்துப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டாவது சரணம்வரை அவர் கண் என் மேலேயே இருந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. முடிந்ததும் இன்னொரு முறை போட்டேன், முதல் தடவை அவர் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று. அதற்குப் பிறகும் ஓடியது. மூச்சு நின்றது எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டில் இருந்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படித்தேன். உண்மைதான். அது எனக்கு அப்போதே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

விஷயம் செய்தியில் வந்த பிறகு என் பாட்டை ஆயிரக்கணக்கில் ஆட்கள் கேட்கிறார்களாம், வக்கீல் சொன்னார். என் போன் உங்களிடம்தான் இருக்கிறது. அதில் எத்தனை பேர் கடைசிவரை கேட்டார்கள் என்று தனியாகக் காட்டும். ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடுங்கள். அண்ணன் இருந்திருந்தால் ரொம்பப் பெருமைப்பட்டிருப்பார்.