விறகு பிளக்கும் சத்தம்

பச்சை மரத்தைப் பிளப்பது காய்ந்த மரத்தைப் பிளப்பதைவிட எளிது, ஐயா. பலர் இதை நம்புவதில்லை. வெட்டிய கையோடு பிளந்து வெயிலில் போட்டுவிட வேண்டும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

காய்ச்சலில் என் மனைவிக்குக் கண் போனது. நான் வேலையை விட்டுவிட்டு அவளைக் காட்டு வீட்டுக்கு அழைத்துவந்தேன். இப்படியும் ஒரு கணவனா என்று உறவுக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நல்ல காலம் அது.

பிறகு அவள் புதர்களைக் கற்றுக்கொண்டாள். வாசலைத் தாண்டினால் சொரசொரப்பான இலை. கிணற்றுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வாசனைச் செடி. விறகுக் கொட்டகைக்கு முன்னால் தொடை உயரத்துக்கு ஒரு புல். தடவியும் மோந்தும் தன்பாட்டுக்குப் போய்வந்தாள். ஒருநாள் சொன்னாள்: "நீங்க பழையபடி வேலைக்குப் போங்க. எத்தனை நாளைக்குத்தான் எனக்குக் காவல் கிடப்பீங்க? நான் சமாளிச்சுக்குவேன்."

அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கோடை தொடங்கியதும் வனக்காவலர் வந்தார். தீப்பிடிக்கும் காலம், வீட்டைச் சுற்றிப் புதர் இருக்கக் கூடாது என்றார். "ஆனா கொட்டகையத் தாண்டி இருக்கிற அந்தப் பள்ளத்து ஓரத்து முள்ள மட்டும் விட்டுருங்க சார். அக்காவுக்கு வேலி மாதிரி இருக்கும்."

"வேலி எனக்கா? இவருக்குப் போடுங்க," என்றாள் அவள். "என்னையே பாத்துக்கிட்டு நடந்து, இவருதான் எங்கயாவது விழப்போறாரு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உத்தரவுப்படி செய்தேன். சொரசொரப்பு இலையை வேரோடு பிடுங்கினேன். புல்லை அரிந்தேன். வாசனைச் செடியை வெட்டிய பிறகும் மணம் மிஞ்சியிருந்தது. மண்ணைக் கொத்திப் புரட்டினேன். மறுநாள் காலை அவள் வாசலில் நின்று வெறும் காற்றைத் துழாவினாள். நான் பக்கத்திலேயே மூச்சுக் காட்டாமல் நின்றேன். கையைக் கொடுங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மாலையில் நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, தேநீர் டம்ளரோடு நேராக என் எதிரே வந்து நின்றாள்.

"காட்டுக்கே மொட்டை போட்டுட்டீங்க போல. போகட்டும். உங்க கோடாரி ஒண்ணு போதும் எனக்கு. சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே கண்ண மூடிக்கிட்டு வந்துடுவேன்."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன்பிறகுதான் பள்ளத்து ஓரத்து முள்ளையும் வெட்டினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அவள் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், விறகு பிளக்கும் அடிக்கட்டையைச் சுற்றுவழியாக உருட்டிக்கொண்டு போய் அக்கரையில் போட்டேன். அந்தப் பள்ளம் ஆழம்தான், அகலம் அதிகமில்லை. சத்தம் தடையில்லாமல் கேட்கும். அங்கே நிழலும் உண்டு.

மாலையில் அங்கே நின்று பிளக்கத் தொடங்கினேன். அவள் வாசலில் வந்து தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். டம்ளரை மூடியோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுவில் ஒருதரம் நின்றாள்.

"என்னங்க, இன்னைக்குத் தள்ளி நிக்கிறீங்களா?"

"இல்லம்மா, இங்கதான். நேரா வா."

என் பேச்சை நம்பி வந்தாள். விளிம்பில் அவள் கால் கொஞ்சம் தயங்கியது. நான் கையை நிறுத்தவில்லை, ஐயா. பாதி வழியில் சத்தம் நின்றுபோனால், கண் தெரியாதவள் திசை தெரியாமல் தவித்துப்போக மாட்டாளா?