குந்திக்கிற வண்டி

— டீ ஆறிப்போவுது, குடிம்மா. வண்டியப் பத்தி மட்டும் என்னாண்ட கேக்காத.

— நல்லா ஓடுதான்னுதானே லோகநாயகிக்கா கேட்டேன்? இதுல என்ன இருக்கு?

— அத்தத்தான் கேக்காதன்றேன். எங்கூட்டுக்காரரு காத்தால எய்ந்ததுலேர்ந்து ஒரே பாடம். வண்டி பாக்க ஆளு வராங்கோ, டீ குடு, பிஸ்கட் குடு, வாயத் தொறக்காதன்னாரு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். உன் பேரு இன்னா சொன்ன?

— தீபிகா. ஆவடியிலேருந்து வர்றோம். அப்பா டேங்க் ஃபேக்டரில இருந்தாரு. குவார்ட்டர்ஸ்லயே பொறந்து வளந்தவ நான்.

— ஆங், அதான் பேச்சு இம்மாம் நீட்டா கீது. உங்கூட்டுக்காரரும் எங்காளும் போய் எவ்ளோ நேரமாவுது?

— இருபது நிமிஷம் இருக்கும். பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்னார். ஏன்க்கா வாசலையே பாக்கறீங்க?

— ஒன்னியுமில்ல. உருப்படியா திரும்பி வந்துட்டா சரின்னுதான். அய்ய, பாத்தியா, இந்த வாயி சும்மா கெடக்குதா. தீபிகா, நான் சொன்னேன்னு சொல்லிடாத. இன்னிக்கி இந்த வண்டி போயே ஆவணும். உன் கண்ணு முன்னாடி கீதே இந்த ஷெட்டு, இதுல நான் மாவு மிஷின் போடணும். இருபது வருசமா தைக்கப் போன எக்ஸ்போர்ட் கம்பெனிய மூடிட்டு எங்கள ஊட்டுக்கு அனுப்பிட்டான் இல்ல, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இட்லி மாவு அரச்சி இந்தத் திருமழிசை பூரா போடறதுன்னு. மிஷின் வாங்கியாச்சு. ஆறு மாசமா வேப்பம்பட்டுல என் நாத்தனா ஊட்ல சாக்கப் போத்திகினு கெடக்குது. இங்க எடமில்ல. கீற எடத்துல மகாராஜா குந்திகினு கீறாரு.

— குந்திகிட்டுன்னா, பின்னாடி இடது பக்கம் எறங்கிடுமே, அதுவா?

— உனுக்கு எப்டித் தெரியும்?

— வந்தப்பவே பாத்தேன். லேசா சாஞ்ச மாதிரி இருந்துச்சு.

— பாத்துட்ட. அப்பால நான் மறச்சி இன்னா ஆவப்போவுது. ஆமா, குந்திக்கும். மத்த வண்டியாட்டம் இதுக்கு ஸ்பிரிங்கு இல்லியாம், காத்துப் பையாம். ராத்திரி நிக்க வெச்சிட்டு வந்து படுப்பாரு. காலைல பாத்தா எருமையாட்டம் தரையோட தரையா கெடக்கும். சாவியப் போட்டுட்டு கால் மணி நேரம் காத்துகினு இருக்கணும், மொனகிகினே எய்ந்துக்கும். அதுக்குள்ள ஷிப்ட்டுக்கு லேட்டாயிடும். இவரு பழைய மொபெட்ட எடுத்துகினு பூடுவாரு. அவரு வேல பாக்கற தகடு அடிக்கற பிரஸ் ஷாப்பு இங்கேர்ந்து ரெண்டு தெரு. அதுக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய காரு?

— பின்ன ஏன் வாங்கினார்?

— வாங்கப் போனது வேற. சின்னதா ஒரு செகண்ட் ஹேண்டு காரு பாக்கலாம்னுதான் புரோக்கராண்ட போனாரு. அவன் பலே ஆளு, அதே காசுக்கு இத்தக் காட்டிட்டான். உள்ள லெதர் சீட்டு, மேல கண்ணாடிக் கூர, ஒரு பட்டன அமுக்குனா சீட்டு சூடாவுது. மெட்ராசுல எவனுக்கும்மா சீட்டு சூடாவணும்? கேட்டேன். உனுக்கு ஒன்னியும் தெரியாது, இது மொதலாளிங்க ஏறுற வண்டி, புதுசுல அரைக் கோடின்னாரு. புதுசுல அரைக் கோடி, சரி. இப்ப அதோட பார்ட்டு மட்டும் அதே வெலதான் விக்குது, அத்த புரோக்கரு சொன்னானா?

— மெக்கானிக் யாராவது பாத்து சரி பண்ணலையா?

— பருத்திப்பட்டு ஏரியாண்ட கோதண்டம்னு ஒருத்தர் கீறாரு. தங்கமான மன்சன், பொய் சொல்லத் தெரியாது, அதான் பேஜாரு. கம்ப்யூட்டர சொருவிப் பாப்பாரு. பாத்துட்டு ஒயர சுருட்டி வெப்பாரு. அப்பால மெதுவா, அண்ணாத்தே, பையி டெல்லிலேர்ந்து வரணும்பாரு. வந்துது. மாட்டுனாரு. ஒரு மாசம் நிமுந்து நின்னுது. எங்காளு தெனமும் காலைல போயி அது நிக்கற அழகப் பாத்துட்டுத்தான் பல்லே வெளக்குவாரு. ரெண்டாவது மாசம் மய புடிச்சிச்சு, மறுக்காவும் குந்திச்சு. அந்தப் பையி எந்தக் காசுன்னு கேளு. கம்பெனிய மூடறப்போ எனுக்குக் குடுத்தான் பாரு, அதுல பாதி. மீதியிலதான் மிஷின் வாங்குனேன், அதுவும் சண்ட போட்டு.

— ஐயோ அக்கா. சிரிக்கக் கூடாதுன்னுதான் பாக்கறேன், முடியல.

— சிரி, சிரி. ஊரே சிரிச்சாச்சு, நீ ஒருத்தி சிரிச்சா இன்னா. எங்க சண்முகசுந்தரம் மாமா பையன் வெங்கட்டுக்கு போன தையில கண்ணாலம். மாப்ள அழைப்புக்கு வாடக காரு எதுக்கு, நம்ம வண்டி கீது, பூ மட்டும் வாங்குங்கன்னு இவராவே போயி வாக்கு குடுத்துட்டாரு. நான் தலபாடா அடிச்சிகினேன். கோயில்லேர்ந்து மண்டபம் அர கிலோமீட்டரு, புள்ள நடந்தே போட்டும்யான்னேன். கேட்டாரா? ரோசாப்பூவு, மல்லிப்பூவு, முன்னாடி ஆளுயர மால. கெளம்பிச்சு. மொதத் திருப்பத்துல ஸ்டேரிங்க ஒடிச்சாரு, ஹாரன் அதுவா அடிக்குது. நேரா வெச்சா நின்னுடும், ஒடிச்சா கத்தும். மேளக்காரங்க வாசிக்கறத வுட்டுட்டு எங்களையே பாக்கறாங்கோ. மண்டபத்தாண்ட போயி நின்னுது பாரு, நின்னவொடனே புஸ்ஸுன்னு குந்திச்சு. மாப்ள உள்ள கீறான், கதவு தொறக்கல. கண்ணாடிய எறக்கிட்டு தலப்பாவோட அவன ஜன்னல் வழியா ரெண்டு பேரு இழுத்தாங்கோ. பொண்ணு ஊட்டுக்காரங்கோ ஆரத்தித் தட்ட வெச்சிகினு நிக்கறாங்கோ, யாருக்கு சுத்தறதுன்னே தெரில. அத்தினியும் வீடியோவுல கீது.

— உங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்.

— அவருக்கா? மறுநாள் காலைல கைலிய மடிச்சிக் கட்டிகினு வண்டிக்கு அடில போயி படுத்துகினாரு. ஞாயித்துக்கெயம ஆனா அதான் வேல. ஸ்பேனரு கைல வந்துட்டா சோமாறி, பேமானின்னு அந்த வண்டிய வாய்க்கு வந்தபடி திட்டுவாரு. பக்கத்தூட்டு பார்வதம் கதவ சாத்திக்குவா. மத்தியானம் வெளிய வந்து கைய கயுவிட்டு, ஒன்னியுமே நடக்காத மாதிரி சோறு போடும்பாரு. இப்ப பதினஞ்சு வருசமாவப் போவுது, இதுக்கு மேல எஃப்.சி. எடுத்துத்தான் ஓட்டணுமாம். ஆபீசரு முன்னாடி இது குந்திச்சின்னா இன்னா பண்றதுன்னுதான் விக்கவே ஒத்துகினாரு. நான் கெஞ்சனதுக்காவ இல்ல.

— பரவால்லக்கா. அவர் என்ன விலை சொல்றாரோ அதுக்கே எடுத்துக்கறோம். பேரம் பேச வேணாம்னு நான்தான் சொல்லி அனுப்பியிருக்கேன்.

— நீ சொல்லி அனுப்புனியா?

— என் பணம்தானே. ஸ்கூல்ல டீச்சர் வேலை பாக்கறேன். அஞ்சு வருஷமா கட்டின சீட்டு இந்த மாசம் எடுத்தேன்.

— உன் காசா?

— ஆமா.

— உன் காசப் போட்டா இத்த வாங்குற? இவ்ளோ நேரம் நான் இன்னா கதையா சொல்லிகினு இருந்தேன்? தோ பாரு, எனுக்கு இந்த ஷெட்டு வோணும். எப்டி வோணும்னா, ராத்திரி கண்ண மூடுனா மாவு மிஷின் ஓடற சத்தம் கேக்குது எனுக்கு. இன்னிக்கி நீங்க வரீங்கன்னு ஒடனே நாத்தனாக்கு போன் போட்டு, நாளைக்கி மினி லாரி அனுப்பறேன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் சொல்றேன், வாங்காத. எவனாச்சும் கொயுத்த பார்ட்டி வந்து வாங்கிகினு போவட்டும், எனுக்கு ஒரு கவலையுமில்ல. இன்னொருத்தி சம்பாரிச்ச காசு அந்தப் பைக்குள்ள காத்தா போறத என்னால பாத்துகினு இருக்க முடியாது.

— அக்கா, நீங்க...

— பேசாத. போனப் போட்டு உங்கூட்டுக்காரராண்ட சொல்லு, புடிக்கலன்னு. கலர் புடிக்கலன்னு சொல்லு.

— அவர்தான் இப்ப மெசேஜ் அனுப்பியிருக்கார். விலை முடிச்சுட்டாங்களாம், கை குடுத்துட்டாங்களாம். வந்துட்டிருக்காங்க.

— வரட்டும். நீ சொல்லலன்னா நானே வாசல்ல நின்னு சொல்றேன். எங்காளு ஒரு மாசத்துக்கு என்னிய மொறச்சிகினு இருப்பாரு, இருந்துட்டுப் போவட்டும். மிஷின் அங்கியே கெடக்கட்டும்.

— வேணாம்க்கா. உக்காருங்க. நீங்க சொன்னதுல எனக்குத் தெரியாதது அந்த ஹாரன் ஒண்ணுதான்.

— இன்னா சொல்ற?

— உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வச்சிருந்தார். அவருக்கு முன்னாடி அது எங்க வண்டி. ஆறு வருஷம் எங்க வாசல்லதான் நின்னுச்சு. அப்பவே எறங்கும், அதே பக்கம். ஒரு தீபாவளிக்கு எங்கம்மாவும் அந்தக் கதவுல மாட்டிகிட்டாங்க. நான்தான் அழுது, சண்ட போட்டு, சாப்பிடாம கெடந்து, புரோக்கர வரவழச்சு வித்தேன்.

— அடிப்பாவி. வித்து தல முழுவிட்டு வந்தவளா நீ? அப்ப உங்கூட்டுக்காரரு மறுக்காவும் அத்தையே தேடிப் புடிச்சிகினு வந்துட்டாரா? ஆம்பளைங்க மனச இன்னான்றது.

— அவர் தேடலக்கா. அந்த நம்பர் எங்கயாவது விலைக்கு வருதான்னு நாலு வருஷமா ஒவ்வொரு விளம்பரமா பாத்துட்டிருந்தது நான்தான்.

— நீயா? தப்பிச்சவ நீ. உனுக்கு எதுக்கும்மா அது?

— அது எங்க வாசல்ல நின்ன வரைக்கும், அவர் என்னைய இல்ல, வண்டியத்தான்க்கா திட்டிட்டிருந்தார்.