செவ்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை

உங்கள் அறை மின்விசிறி ரொம்பச் சத்தம் போடுகிறது, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள். எனக்குச் சத்தம் ஆகாது.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கமான பிள்ளை. என் ஆய்வுக்கூடத்தில் என்னிடமே படித்து, என் மகளையே கட்டிக்கொண்டார். நானோ, செவ்வாயில் என்றைக்குமே தண்ணீர் இருந்ததில்லை என்று ஆயுசு முழுக்கச் சொல்லி வந்தவன். அதற்காகக் கிடைத்த விருதுகளை வைக்க வீட்டில் அலமாரி போதவில்லை. அப்படிப்பட்டவனிடம், அந்தக் கிரகத்திலிருந்து வந்து விழுந்த ஒரு விண்கல்லை அறுத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"மாமா, உள்ளே களிமண் இருக்கு. தண்ணியில ஊறாம இது உண்டாகவே உண்டாகாது."

"இங்க விழுந்த பிறகு பட்ட மழை ஈரமா இருக்கும், மாப்பிள்ளை."

"அதையும் பார்த்துட்டேன். அங்கேயே உண்டானதுதான். உங்ககிட்ட சொல்லாம வெளியில சொல்ல மனசு வரல."

பாருங்கள், எவ்வளவு மரியாதை. நானும் மரியாதையாகக் கல்லை வாங்கி, களிமண் இருந்த சுவடே தெரியாதபடி உலையில் வைத்துச் சுட்டேன். கல்தானே, அதற்கு வலிக்கவா போகிறது?

அவர் கோபப்படவில்லை. வினையே அங்கேதான்.

"கை தவறியிருக்கும், விடுங்க மாமா. பெட்டக அறையில இன்னொரு துண்டு இருக்கு" என்று எடுக்கப் போனார்.

பெண்ணைக் கொடுத்தேன். பேரையும் கொடு என்றால் எப்படி?

கற்கள் கெடாமலிருக்க அந்த அறையில் நைட்ரஜன் நிரப்புவோம். ஆள் உள்ளே இருக்கும்போது குழாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. அதை எழுதியவனே நான்தான். கதவை வெளியே தாழிட்டேன். குழாயைத் திறந்தேன். மூச்சுக்காற்று குறைகிறது என்று எச்சரிக்கை மணி அலறியது. சொன்னேனே, எனக்குச் சத்தம் ஆகாது. அணைத்துவிட்டேன். கதவைத் தட்டினார், கொஞ்ச நேரம்தான். பிறகு அவர் கையிலிருந்த துண்டையும் வாங்கிச் சுட்டேன்.

மகள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டாளாம். அறிவியலில் சொந்தபந்தம் பார்க்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தேன், மண்டையில் ஏறவில்லை.

அந்தக் கல்லில் ஈரமே இல்லை என்று நிரூபிக்கும் கட்டுரையை நேற்றே அனுப்பிவிட்டேன். முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் மாப்பிள்ளை பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். எந்த மாமனாருக்கு இந்த மனசு வரும், சொல்லுங்கள்?