பென்சில் கோடுகள்

தலை பின்னுவது ஆண்களுக்கு வராது என்பார்கள். வரும் மேடம். ஈரம் காய்ந்தபின் சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்துப் பின்னினால் சாயங்காலம் வரை அவிழாது. என் மனைவி ரஞ்சிதாவுக்கு நான்கு மாதம் பின்னிவிட்டேன். ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

போன ஐப்பசி மழையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். வலது மேல்கை எலும்பு முறிந்துவிட்டது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஓசூரிலேயே ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவளைப் பெங்களூர் யூனிட்டுக்கு சூப்பர்வைசராகப் போட்டு லெட்டர் வந்திருந்தது. அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டபிறகுதான் என்னிடம் சொன்னாள்.

தையல் பிரித்த அன்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கையை இன்றிலிருந்தே அசைக்க வேண்டும் என்றார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்ற வேண்டும். விட்டால் தோள் இறுகிவிடும். படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அதைக் கிழித்துப் போட்டேன். ரஞ்சிதாவிடம், "மூணு மாசம் கையை அசைக்கவே கூடாதாம், பிளேட்டு நவுந்துருமாம்" என்றேன். மறுபடி வரச் சொன்ன தேதியையும் சொல்லவில்லை.

நான் கெட்டவன் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன், சேலை மடிப்பு எடுத்துவிட்டேன். எது வேண்டுமென்றாலும், "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்பாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அத்தனை தடவை அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. பெங்களூர் வேலைக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

தை மாதம் பக்கத்து வீட்டு சாந்தம்மா வந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இதே கைதான். பத்து நாள்லயே ஆட்டச் சொன்னாங்களே, உனக்கு ஏன் இப்படி?" என்று அவர் கேட்டது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது.

அதன்பிறகு ரஞ்சிதா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் ஷிப்டுக்குப் போனதும் சுவரில் விரல்களை ஏற்றிப் பழகியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். முதல் கோடு இடுப்புக்குச் சற்று மேலே. பத்து நாளில் நெஞ்சு உயரம். பிறகு தோள். அவள் எவ்வளவு வலி தாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு காலையில் தலைவார நான் சீப்பை எடுத்தபோது, "இருக்கட்டுங்க, நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துக் கைக்கு எண்ணெய் தேய்த்தேன். "இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பாக்கலாம்" என்றேன். "மெதுவாங்க" என்றாள். ஒரு கையால் தோளை அழுத்திக்கொண்டு, மறு கையால் அவள் கையை ஒரேயடியாகக் காது வரை தூக்கினேன். போதும் என்று இரண்டு தடவை சொன்னாள். பிளேட்டுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகும் நான் உடனே விடவில்லை. கை தவறி நடந்ததில்லை மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் மறுபடி அறுத்தார்கள். இனி அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீங்கள் காட்டிய புகாரைப் பார்த்தேன். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால், நானே வந்து கையைப் பிடித்துப் போட வைத்திருப்பேன்.