எங்க பரம்பரையே இரும்பு!

...கிளட்ச்ச மெதுவா விடுங்க மேடம், மெதுவா... ஐயோ, எம்முதுகு! இல்ல இல்ல, உங்க தப்பில்ல, ஓட்டக் கத்துக்கிறப்ப அப்படித்தான். வண்டி லேசா குலுங்குனாலே எனக்குக் கழுத்துலேருந்து குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்குது. ஆறு மாசமா இதே கததான். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எலும்பெல்லாம் அழகா இருக்காம்! கேக்கப் பெருமையாத்தான் இருக்கு, படுக்கத்தான் முடியல.

முந்தாநேத்து டாக்டரம்மா கேட்டாங்க, “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வலி உண்டா?” நெஞ்ச நிமித்திக்கிட்டு, “எங்க பரம்பரையே இரும்பு!”ன்னேன். நிமித்துனதுல அங்கயே புடிச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த என் சம்சாரம் கமுக்கமா, “உங்க தங்கச்சிக்கு?”ங்கிறா. “அவ சும்மா நடிக்கிறா”ன்னேன். டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சுட்டு என்னையே பாக்குறாங்க.

ஹாரன் எதுக்கு? பூனைதான, தானா போயிரும்.

என் தங்கச்சிக்குத் துணிக்கடையில நாள்பூரா நிக்கிற வேல. பத்து வருஷமா, “அண்ணே, ஒடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு”ம்பா. நான் ‘ஐயோ அம்மா’ன்னு பேரே வச்சுட்டேன். சொந்தக்காரங்க கூடுனா, அவ எந்திரிக்கிறத நடிச்சுக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. போன வருஷம் மட்டும் சிரிக்கல... நிக்கவே முடியலன்னு வேலய விட்டிருந்தா. சோம்பேறின்னுட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.

இப்ப என்னப் பாருங்க! ஒரு கை கதவுல, ஒரு கை இடுப்புல... அச்சு அசல் அவதான்! நடிச்சப்பகூட இவ்வளவு தத்ரூபமா வரல.

டாக்டரம்மா சொன்னாங்க, இந்த வலி எல்லாருக்கும் வம்சத்துல வர்றதில்லையாம், ஆனா சில குடும்பத்துல அண்ணன் தங்கச்சிக்குச் சேந்தே வரலாமாம். வேற எதுலயும் அவளுக்குச் சமபங்கு குடுக்காதவன், இதுல மட்டும் கேக்காமலே சரிபாதி வாங்கியிருக்கேன்!

என்ன மேடம்? ஆமா... அதே தெருதான். நாலாவது சுத்து. அந்தப் பச்சை கேட்டு... அவ வீடுதான். ‘நிறுத்துங்க’ன்னு சொல்ல வாயத் தொறந்தா, ‘நேராப் போங்க’ன்னு வந்துருது.

ஏன் நிறுத்துறீங்க? நான் சொல்லவே இல்லையே! அடேங்கப்பா, ஒரு குலுக்கல் இல்லாம நிறுத்திட்டீங்க... சாவிய எதுக்கு எடுக்குறீங்க? சரி, சரி, எறங்குறேன்... ஐயோ... அம்மா...

ஜன்னல்ல நிக்கிறாளா? சிரிக்கிறாளா மேடம்? எனக்குக் கழுத்தத் திருப்ப முடியல... கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.