பதினெட்டாம் நிமிடத்தில் திக்கிய கணினி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பட்டாபிராமன் அவர்களே, முன்வரிசையை முறையோடு நிரப்பியிருக்கும் சேலையூர்க் குடியிருப்போர் சங்கப் பெரியோர்களே, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து அமர்ந்திருக்கும் பாட்டுக் குழுத் தாய்மார்களே, தூண் மறைவில் கைபேசியோடு நிற்கும் தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

இந்தத் தாய்மார்களின் பாடல் இன்று வெளியாகிறது. பழுதான கணினியின் பிணி கண்டறிந்தவர் என்று அழைப்பிதழில் என் பெயரை அச்சிட்டிருக்கிறீர்கள். அது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் மேடை ஏறினேன்.

முப்பத்தோர் ஆண்டு தொலைபேசி நிலையத்தில் காதை நம்பிப் பிழைத்தவள் நான். கம்பியில் கரகரப்பு எழுந்தால், கடித்தது எலியா, நனைத்தது மழையா என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லுவேன். என் கணவர் காலமான பின் வீட்டு மாடியைத் தீபலட்சுமிக்கு வாடகைக்கு விட்டேன். அதோ, ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான். குரலைப் பதிந்து, கருவிகளைக் கூட்டி, கணினியிலேயே இசை அமைப்பவர். ஒரு பெட்டிக்குள் நாற்பது வயலின் அடங்கியிருப்பதை அவர் காட்டிய நாளில் எனக்கு எழுபத்து நான்கு வயது என்பதே மறந்துபோயிற்று.

சென்ற அக்டோபரில் அந்தப் பெட்டி திக்கியது. பெரும்பாக்கத்து மறுகுடியமர்வு அடுக்குமாடியில் எட்டாம் மாடிக்குக் குடம் சுமந்த கதையை இந்தத் தாய்மார்கள் பாடியிருந்தார்கள். "லிப்டு நின்னுபோச்சு" என்ற அடி, "லிப்… லிப்… லிப்" என்று நின்றுபோயிற்று. சிரிக்கிறீர்கள். அன்று மாடியில் யாரும் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பாட்டு போய்ச் சேரணும் ஆன்ட்டி. இல்லன்னா டிசம்பர் விழா மேடை இவங்களுக்கு இல்ல" என்றார் தீபலட்சுமி.

மேடவாக்கத்திலிருந்து கேஷவ் என்ற பழுதுபார்ப்பவர் வந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி நினைவகம் கூட்டினார். வேண்டாத மென்பொருள்களை நீக்கினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு மேடம். வயசானா ஸ்லோ ஆகறது சகஜம்."

"யாரைப் பார்த்துச் சொல்றீங்க?" என்றேன். அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்று என்னை உறுத்துகிறது. "அந்தப் பெரும்பாக்கத்துக் கூட்டம் வந்த பிறகுதான் இது. அவங்க கொண்டுவர்ற பென் டிரைவ்ல என்ன இருக்கோ, யார் கண்டா?" என்று தீபலட்சுமியிடம் சொன்னேன். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தாயாரம்மாள் காதில் அது விழுந்தது. இதோ, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் இருக்கிறார். மாவு அரைத்து விற்கிறவர். குழுவின் முதற்குரல்.

அவர் கோபப்படவில்லை. "நாங்க வந்து ரெண்டு மாசம் ஆவுதும்மா. பொட்டி படுத்து பத்து நாளுதான் ஆவுது. கணக்கு ஒத்து வரலியே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரி சொல்வார்: ஊகிக்காதே, பார்த்ததை எழுது. அறுபது ஆண்டு கழித்து அந்தக் குரல் என் காதைத் திருகியது. கைக்கடிகாரத்தோடு கணினி முன் அமர்ந்தேன். காலையில் கணீரென்று பாடுகிறது. பதினெட்டாம் நிமிடத்தில் திக்குகிறது. மின்சாரம் போய் அரை மணி கழித்து வந்தால், மீண்டும் பாடுகிறது. மீண்டும் பதினெட்டில் திக்குகிறது. இது என்ன நோய்? ஓய்வெடுத்தால் ஓடுகிற நோய். உழைத்தால் திரும்புகிற நோய். மூன்று நாள் எழுதினேன். விடை மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. தீபலட்சுமி கெஞ்சிக் கூப்பிட்டதால் தாயாரம்மாள் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குறிப்பேட்டைப் படித்தேன். அவர் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கொதிக்குதும்மா இது. எங்க கிரைண்டர் மோட்டார் மேல ஒருநா ஈரத்துணி காயப்போட்டேன். அதுவும் இப்டித்தான், கொஞ்ச நேரம் ஓடிட்டு மொனகுச்சு. இது எங்கேர்ந்து மூச்சு இழுக்குது?"

"முன்னாடி வலை வழியா, அக்கா" என்றார் தீபலட்சுமி.

எல்லோரும் முன்பக்கம் பார்த்தோம்.

"இன்னா இது, மூக்கு நெறைய சந்தனத்த அப்பி வச்சிக்கீது? யாரு பாத்த வேலை?"

அவையோரே, அப்பியவள் நான்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் என் கணவரின் வேலை. அவர் போன பிறகு, "நீங்கள் குங்குமம் தொடலாமா?" என்று உறவினர் இழுத்தார்கள். தொடுவேன் என்று காட்டவே அந்த அக்டோபர் பூஜையில் இரட்டைப் பங்கு வைத்தேன். அந்த வலையின் ஒவ்வொரு துளையும் அடைபடும்படி, அளவெடுத்தது போல மூன்று பட்டை இழுத்தேன். வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? தீபலட்சுமி அழிக்கவில்லை. கேஷவ் கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் திறந்தார். எங்கள் பக்தியே அந்தப் பெட்டியின் குரல்வளையைப் பிடித்திருந்தது.

மின்சாரத்தை நிறுத்தினோம். தீபலட்சுமி திருகுகளைக் கழற்ற, பல் துலக்கும் தூரிகையால் நான் தேய்த்தேன். வலையில் காய்ந்த சந்தனம். விசிறிக்குப் பின்னே, சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்கெல்லாம் குங்குமம். பூட்டினோம், போட்டோம். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு. பதினெட்டு. மூச்சை அடக்கினேன். பத்தொன்பது. லிப்டு நின்றுபோயிற்று, பாட்டு நிற்கவில்லை. நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"வுடுங்கம்மா, சாமிக்குத்தான வச்சீங்க" என்றார் தாயாரம்மாள்.

சாமிக்கு வைக்கவில்லை, தாயாரம்மா. உறவினருக்குப் பதில் சொல்ல வைத்தேன். அதைக்கூட மன்னிக்கலாம். சந்தனம் தூரிகைக்குப் போய்விட்டது. சொன்ன சொல் எந்தத் தூரிகைக்குப் போகும்? ஒரு கரகரப்புக்கு முப்பத்தோர் ஆண்டு "என்ன" என்று கேட்டவள், அன்று "யார்" என்று கேட்டேன். "என்ன" என்று கேட்டிருந்தால் உள்ளங்கையை வைத்திருப்பேன். "யார்" என்று கேட்டதால் விரலை நீட்டினேன். பெட்டி சூடானது பதினெட்டு நிமிடத்தில். நான் சூடானது ஒரே நொடியில். அந்தச் சொல்லைச் சொன்னது நாலு சுவருக்குள். திரும்பப் பெறுவது நானூறு பேர் முன்னிலையில். தாயாரம்மா, பாட்டுக் குழுவின் பதினொரு பேரே, என்னை மன்னியுங்கள்.

தாயாரம்மாள் என்ன சொல்கிறார்? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"அடுத்த பூஜைக்கும் நீங்களே பொட்டு வைங்கம்மா. எடத்த நான் காட்றேன்."

கேட்டீர்களா? அழைப்பிதழில் என் பெயரை அடித்துவிட்டு, அங்கே எழுத வேண்டிய பெயருக்கு உரியவரின் குரல் இது. பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். தீபலட்சுமி, பாட்டைப் போடுங்கள். வணக்கம்.